தோட்டத்து நீரோடையும் தொழிலாளர் காய்ச்சலும்

ஜெலாப்பாங்கில் நின்று மேற்கே நோக்குவோர்க்குக் கிளேடாங் மலைத்தொடர் தென்படும். இத்தகைய குன்றடிகளில் ஓடும் தெளிந்த நீரோடைகளை இன்று நாம் அழகென்று போற்றுகிறோம். ஒரு நூற்றாண்டுக்கு முன் குன்றடித் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கோ, அவ்வோடைகளே காய்ச்சலின் ஊற்றாக இருந்தன.

1897-இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். அவ்வறிவை மலாயாவில் செயலாக்கியவர், கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன். 1901-இல் கிள்ளானிலும், புதிதாகத் திறக்கப்பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் வீழ்ந்தனர். சதுப்பு வடிக்கப்பட்டது, காடு வெட்டப்பட்டது, காய்ச்சல் தணிந்தது.

அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது விளைவு தலைகீழாயிற்று. சமவெளிக் கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகுவது. மலையடிக் கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுவது. ஆகவே ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்த செயலே நோயை லயத்தின் வாசலுக்குக் கொணர்ந்தது. தொழிலாளியின் உடல்வலுவின்மையோ பழக்கமோ இதற்கு முதற்காரணம் அன்று என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். எல்லாக் கொசுவையும் ஒழிக்க முயலாமல், அவ்விடத்தில் நோய் பரப்பும் இனத்தை மட்டும் குறிவைப்பதே வாட்சன் கண்ட வழி. மலையடி ஓடைகள் நிலத்தடிக் குழாய்களுக்குள் செலுத்தப்பட்டன. திறந்த நீரில் எண்ணெய் தெளிக்கப்பட்டது. 1911-இல் அவர் இவ்வனுபவங்களை நூலாக்கினார். முன்னுரை எழுதியவர் ராஸ்.

இப்பணிகளுக்குத் தோட்ட நிருவாகங்கள் செலவிட்டதற்கு இரக்கம் மட்டுமே காரணம் என்று நாம் கருதவில்லை. கடல் கடந்து வரவழைத்த ஆள் படுக்கையில் கிடந்தால் பால் வெட்ட ஆளில்லை, கணக்கு அவ்வளவே. பெரட்டுக்களத்தில் கொயினா கொடுத்ததும் இக்கணக்கில் சேரும். ஆனால் நாட்கூலிக்காரர் காய்ச்சலில் கிடந்த நாளின் கூலி அதில் சேரவில்லை. நடுக்கம் தணியுமுன்பே வாளியும் கத்தியுமாக நிரைக்குத் திரும்பியவர்களின் நிலையை மாணவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பிற்காலச் சட்டங்களே அந்நாளையும் கணக்கில் எடுத்தன. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புக்கான சட்டம் 1969-இல் பிறந்தது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், ஈராண்டு நிறையாத தொழிலாளிக்கும் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய நோய்விடுப்பை இன்று உரிமையாக வழங்குகிறது.