பெயர் விட்டுப் போனவர்

சில வருஷங்களுக்கு முன் இங்கிலாந்து போயிருந்தபோது, ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஆபிங்டன் என்ற சிற்றூரில் ஒரு மத்தியானம் இறங்கினேன். ஒரு வீட்டு வாசலில் பச்சை வர்ணப் பழைய மோட்டார் ஒன்று நின்றது. முன் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஓர் அட்டை. எம்.ஜி. வண்டி, டி.சி. ரகம்; 1948-ம் வருஷத்தியது. இரண்டே பேர் உட்காரலாம். மேல் துணியை மடித்துவிட்டால் தலைக்கு மேல் ஆகாசந்தான். நீண்ட மூக்கு, கம்பிகள் பாய்ந்த உயரமான சக்கரங்கள். வாங்கும் உத்தேசம் எனக்கு இல்லை. விலையைக் கேட்டபின் அந்த உறுதி இன்னும் பலப்பட்டது.

வீட்டுக்காரருக்கு வயது எழுபதுக்கு மேல். முழங்கால் மடங்க மறுப்பதால் விற்கிறாராம். வண்டியின் மூக்கில் இருந்த எண்கோண முத்திரையைத் தடவிக்கொண்டே, "இது யார் பெயர், தெரியுமோ?" என்று கேட்டார்.

"மாரிஸ் காரேஜஸ் என்பதன் சுருக்கம்" என்றேன், பரீட்சையில் தேறிய பையன்போல.

"சரிதான். ஆனால் வண்டியை உண்டாக்கினவர் பெயர் இதில் இல்லையே!" என்றார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த ஒரு வார்த்தை போதாதா?

வில்லியம் மாரிஸ் சைக்கிள் ரிப்பேரில் தொடங்கி, இங்கிலாந்தின் பெரிய மோட்டார் முதலாளியாகி, பின்னால் நப்ஃபீல்ட் பிரபு ஆனவர். ஆக்ஸ்போர்டில் அவருக்கு இருந்த விற்பனைக் கடைதான் மாரிஸ் காரேஜஸ். 1922-ல் அதற்கு மானேஜராக வந்தார் செஸில் கிம்பர். இளம் வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது கால் நசுங்கி, கொஞ்சம் குட்டையாகிவிட்டது. ஆனாலும் வேகத்தின் மேலிருந்த மோகம் குறையவில்லை. மாரிஸின் சாதுவான குடும்ப வண்டிகளை எடுத்து, அழகான புதுக்கூடு மாட்டி, இயந்திரத்தைச் சீர்படுத்தி விற்கலானார். அப்படிப் பிறந்ததுதான் எம்.ஜி.

1929-ல் தொழிற்சாலை ஆபிங்டனுக்கு வந்தது. அதே வருஷம் விற்பனைக்கு வந்த 'மிட்ஜெட்' என்ற குட்டி வண்டியின் விலை 175 பவுன். சீமான்களுக்கே உரியதாயிருந்த பந்தய வண்டியின் உல்லாசம் சாதாரண உத்தியோகஸ்தனுக்கும் எட்டியது. 1933-ல் இத்தாலியின் ஆயிரம் மைல் பந்தயத்தில் எம்.ஜி. வண்டிகள் தங்கள் பிரிவில் முதலாவதாக வந்தன.

முதலாளிக்குப் பந்தயச் செலவு கசந்தது. 1935-ல் பந்தய இலாகாவை மூடிவிட்டார்கள். யுத்தம் வந்ததும் மோட்டார் உற்பத்தி நின்றது. ஆட்கள் சும்மா இருக்கக் கூடாதே என்று கிம்பர், மேலிடத்தைக் கேட்காமல், விமானப் பகுதிகள் செய்யும் வேலையை ஒப்புக்கொண்டார். அதைச் சாக்காக வைத்து 1941-ல் அவரை ராஜினாமாச் செய்யச் சொன்னார்கள். இருபது வருஷம் வளர்த்த பிள்ளையை விட்டு வெளியே நடந்தார்.

1945 பிப்ரவரி 4-ந் தேதி மாலை, லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து புறப்பட்ட ரயில், சுரங்கப்பாதை ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிப் பின்னுக்கு உருண்டது. கடைசிப் பெட்டி தடம் புரண்டது. இறந்த பிரயாணிகள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் கிம்பர். வேகத்தையே உபாசித்தவரை, மெதுவாகப் பின்வாங்கிய ரயில் கொண்டுபோயிற்று!

அதே வருஷக் கடைசியில் வந்ததுதான் டி.சி. அவர் காலத்தில் 1939-ல் வந்த டி.பி. வண்டியையே நான்கு அங்குலம் அகலப்படுத்திச் செய்தது. பத்தாயிரம் வண்டிகள் விற்றன. அமெரிக்கர்களுக்கு இந்த ரக வண்டியில் பைத்தியம் பிடிக்க அடி போட்டதும் அதுவே. அதன் வாரிசான எம்.ஜி.பி., 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. எல்லாவற்றிலும் அதே எண்கோணம்; அதே இரண்டு எழுத்து.

1980-ல் ஆபிங்டன் தொழிற்சாலையும் மூடப்பட்டது. பெயர் மட்டும் கை மாறிக் கை மாறிச் சீனக் கம்பெனிக்குப் போயிற்று. 2019 முதல் நம் குஜராத்திலும் அந்த முத்திரையுடன் வண்டிகள் தயாராகின்றன. முதலாளியின் பெயருக்குத்தான் எத்தனை ஆயுசு!

விடை பெறும்போது, "யார் வாங்கினாலும் சரி, கிம்பர் கதையைக் கேட்டால்தான் சாவியைக் கொடுப்பேன்" என்றார் கிழவர்.

முத்திரையில் இடம் கிடைக்காதவருக்கு, அந்த வாசலில் ஓர் இடம் இருந்தது.