குருந்தக் கல்லும் என் பழைய காரும்

இன்றைய பதிவு சற்று நீளம். ஒரு பழைய காருக்குப் பாலிஷ் போட்ட கதைதான். ஆனால் போகிற வழியில் சித்தம்பூண்டி, ஜப்பான், அமெரிக்கா எல்லாம் வரும். கடைசியில் என் வருகைப் பதிவேடும் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு பழைய கார் வாங்கினேன். சிவப்பு நிறம், 2011 மாடல். இன்ஜின் நன்றாக இருந்தது. நிறம்தான் வெளுத்துப் போய், கழுவினாலும் பளபளப்பு வரவில்லை. மேலே வெள்ளை வெள்ளையாக நீர்த்திட்டுகள். கை வைத்துத் தடவினால் உப்புத்தாள் போல நெருடல். "முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்துவிடுங்கள்" என்று ஒரு பட்டறையில் சொன்ன தொகை என் ஒரு மாத ஓய்வூதியத்தைத் தாண்டியது. விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

அப்போதுதான் என் பழைய மாணவர் ஒருவர் தெருவில் வண்டியைப் பார்த்துவிட்டு நின்றார். லாரிகளுக்கும் ரிக் வண்டிகளுக்கும் பெயிண்ட் அடிக்கிறவர். ஒரு பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பார்த்தார். பை மாட்டினால் சின்ன நெருடலும் விரலுக்குத் தெரியுமாம். "பெயிண்ட் சாகலீங்க சார். மேல அழுக்கு ஏறியிருக்குது. ஊட்லயே எடுத்துப் போடலாமுங்க" என்றார்.

என்ன அழுக்கு? நம் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தியாவின் எந்த மூலையில் போர் போட்டாலும் அந்த வண்டியின் பக்கவாட்டில் திருச்செங்கோடு என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்த வண்டிகளுக்காக இங்கே லேத்தும் வெல்டிங்கும் கிரைண்டரும் ஓயாமல் ஓடுகின்றன. கிரைண்டரிலிருந்து பறக்கும் பொறி ஒவ்வொன்றும் சூடான இரும்புத் துகள். காரின் மேல் விழுந்தால் பெயிண்டில் பதிந்து, ஈரம் பட்டதும் துருப்பிடித்து ஆரஞ்சு நிறப் புள்ளியாகிறது. பிரேக் கட்டையிலிருந்து வரும் இரும்புத் தூளும் அப்படித்தான். நீர்த்திட்டுக்குக் காரணம் நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து வெள்ளையாகத் தங்கிவிடும். வீட்டுப் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே உப்புதான்.

ஆகவே முதல் வேலை பாலிஷ் அல்ல, அழுக்கு எடுப்பது. அதை மூன்று படியாகச் செய்தோம்.

முதலில் இரண்டு வாளி வைத்துக் கார் ஷாம்புவால் கழுவினோம். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் மறுபடி ஷாம்புவில் நனைக்க வேண்டும். ஒரே வாளி என்றால் முதல் கதவில் எடுத்த மண்ணையே இரண்டாம் கதவில் தேய்ப்போம். நீர்த்திட்டின் மேல் தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துச் சற்று வைத்துக் கழுவிவிட்டோம். பித்தளைக் குத்துவிளக்குக்கு நம் அம்மாக்கள் புளி போட்டார்களே, அதே அமில வேலைதான்.

இரண்டாவது, இரும்பைக் கரைக்கும் ஒரு திரவம். கடைகளில் 'அயர்ன் ரிமூவர்' என்று விற்கிறார்கள். அதிலுள்ள தையோகிளைகோலேட் என்ற உப்பு இரும்புடன் சேர்ந்தால் ஊதா நிறமாகும். தெளித்த சில நிமிடங்களில் என் சிவப்புக் கார் முழுவதும் ஊதா நிறக் கோடு கோடாக வழிந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை. வெயிலில் காயவிடாமல் உடனே கழுவிவிட வேண்டும். முப்பத்தைந்து ஆண்டு பாடம் நடத்தியும் இவ்வளவு தெளிவான வேதியியல் சோதனையை நான் வகுப்பில் காட்டியதில்லை.

மூன்றாவது, களிமண் போன்ற ஒரு கட்டி. 'கிளே பார்' என்று பெயர். வண்டியை ஷாம்புத் தண்ணீரால் வழவழப்பாக்கிவிட்டு இதை லேசாக ஓட்டினால், கழுவிப் போகாத துகள்களைப் பிடுங்கிக்கொள்ளும். கீழே விழுந்தால் எடுத்துத் தேய்க்கக் கூடாது, மண் ஒட்டியிருக்கும். இது 1980-களில் ஜப்பானில் வளர்ந்த பொருள். தாதாவோ கொடாத்தே என்பவர் இதற்கு 1990-களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

இனிதான் பாலிஷ். அதற்குமுன் பெயிண்டின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அது தெரியாமல் தேய்த்தால் வண்டி கெடும்.

மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் குதிரை வண்டிக்குப் போலவே தூரிகையால் வார்னிஷ் பூசினார்கள். பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி முடிக்க வாரக் கணக்கில் ஆகும். ஹென்றி ஃபோர்டு தம் மாடல் டி காரை 1914 முதல் சுமார் பத்தாண்டுக் காலம் கறுப்பில் மட்டுமே விற்றார். அந்தக் கறுப்பு எனாமல் மலிவு, உறுதி, சூட்டில் சுட்டெடுக்கலாம். இந்த நிலையை மாற்றியது பருத்தி. பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்தால் நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கும். வெடிமருந்தும் அதுதான். முதல் உலகப் போருக்காக அதை மலைமலையாகச் செய்த டியூபான்ட் நிறுவனம், போருக்குப் பிறகு அதையே பெயிண்டாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து 1923-இல் ஓக்லண்ட் கார்களுக்கு நீல நிறத்தில் அடித்தார்கள். வாரக் கணக்கு மணிக் கணக்காகச் சுருங்கியது. அதன் பெயர் 'டூகோ'. நம் பக்கத்துப் பெரிய பெயிண்டர்கள் இன்றும் 'டூகோ அடிக்கிறது' என்று சொல்வது இந்தப் பெயரைத்தான்.

டூகோவில் ஒரு சிக்கல் இருந்தது. அடித்ததும் மங்கலாகத்தான் இருக்கும். ஆள் உட்கார்ந்து கையால் தேய்த்தால்தான் பளபளக்கும். தேய்ப்பு ஒரு தனித் தொழிலானது. தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் 'வாட்டர் பேப்பரை' 3எம் நிறுவனம் 1921-இல் கொண்டுவந்தது. இரண்டு நிறம் அடிக்கும்போது ஒட்டும் மாஸ்கிங் டேப்பை அதே நிறுவனத்தின் ரிச்சர்டு டுரூ 1925-இல் உருவாக்கினார். கார் பட்டறைகளில் பெயிண்டர்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

பிறகு எனாமல் வந்தது, அக்ரிலிக் வந்தது. 1980-களில் உலகம் முழுவதும் புது முறை பரவியது: கீழே நிறம், அதன்மேல் நிறமற்ற 'கிளியர் கோட்'. இன்று நாம் பார்க்கும் பளபளப்பு அந்தக் கண்ணாடிப் படலத்தின் பளபளப்பு. அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான். தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாலிஷ் என்பது எதையும் சேர்ப்பதல்ல. அந்தப் படலத்தில் ஓரிரு மைக்ரானைச் சீவி எடுத்து மேற்பரப்பைச் சமமாக்குவது. ஆசைப்பட்டு மறுபடி மறுபடி தேய்த்தால் படலம் தீர்ந்துபோகும். பிறகு வெயில் நேரே நிறத்தைத் தின்னும்.

கிளியர் கோட் இருக்கிறதா என்று அறிய என் மாணவர் ஒரு சோதனை காட்டினார். வெள்ளைத் துணியில் துளி காம்பவுண்ட் வைத்து, கண்ணில் படாத மூலையில் தேய்க்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் கிளியர் கோட் இல்லை. என் காரின் நான்கு கதவுகளிலும் துணி வெள்ளையாகவே இருந்தது. பானட்டில் தேய்த்தபோது துணி சிவந்துவிட்டது! "பானட்டு வேற பெயிண்டுங்க சார். முன்னாடி எங்கியோ மோதியிருக்குது. அப்பறம் உள்ளூர்ல அடிச்சிருக்கறாங்க" என்றார். எனக்கு விற்றவர் 'கம்பெனி பெயிண்ட்' என்று சத்தியம் செய்திருந்தார். ஏமாந்ததில் வருத்தம்தான். ஆனால் ஆவணம் பொய் சொன்னாலும் பொருள் பொய் சொல்லாது என்று நான் வகுப்பில் சொன்ன வரலாற்றுப் பாடம் எனக்கே திரும்பி வந்தது.

அடுத்து காம்பவுண்ட் பாட்டிலைக் கையில் எடுத்தேன். பொருள்கள் பட்டியலில் அலுமினியம் ஆக்சைடு. நண்பர்களே, இந்த இடத்தில்தான் நான் சற்று உட்கார்ந்துவிட்டேன். அலுமினியம் ஆக்சைடு இயற்கையில் படிகமாகக் கிடைத்தால் அதன் பெயர் கொரண்டம். மாணிக்கமும் நீலக்கல்லும் அதன் வகைகள்தாம். வைரத்தின் கடினம் 10 என்றால் இதன் கடினம் 9. கொரண்டம் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் நம் 'குருந்தம்' என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. குருந்தக் கல்லைப் பொடித்து, அரக்கில் குழைத்து, சாணைச் சக்கரம் செய்து, வாளும் ரத்தினமும் தீட்டிய நாடு இது. 1798-இல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் இந்தக் கல்லைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதினார். 1896-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மிடில்மிஸ், சேலம், கோவை மாவட்டங்களில் குருந்தம் கிடைக்கும் இடங்களைப் பற்றியே எழுதினார். அப்போது நம் திருச்செங்கோடு சேலம் மாவட்டம்.

நமக்குத் தெற்கே உள்ள சித்தம்பூண்டிப் பாறைகளில் இன்றும் குருந்தம் உண்டு. சந்திரயான் 2 இறங்குகலத்தைச் சோதிக்க நிலவின் மண் போன்ற மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ எடுத்துச் சென்றது அந்தச் சித்தம்பூண்டிப் பாறையைத்தான்.

இன்னொன்று. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்டு ஏச்சிசன் மின் உலையில் ஒரு கடினப் பொருளைச் செய்தார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று எண்ணி 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு. ஆனால் பெயர் நின்றுவிட்டது. முருகப்பா குழுமத்தார் 1954-இல் வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து சென்னையில் 'கார்போரண்டம் யுனிவர்சல்' தொடங்கியபோது அந்தப் பெயரும் வந்தது. அதாவது நம் மண்ணின் சொல் இலண்டன் போய், அமெரிக்கா போய், உப்புத்தாளின் முதுகில் அச்சாகி நம் பட்டறைக்கே திரும்பி வந்திருக்கிறது.

மூன்று நாள், காலை ஆறு மணி முதல் எட்டரை வரை தேய்த்தோம். வெயில் ஏறிய தகட்டில் செய்தால் காம்பவுண்ட் காய்ந்து கறையாகும். ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டிக்கொண்டு, ஒரு சாண் அகலத்துக்கு முதலில் செய்து பார்த்து, முதலில் காம்பவுண்ட், பிறகு மென்மையான பாலிஷ், கடைசியில் பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் கிடைக்கும் கார்னௌபா மெழுகு. பானட்டை மட்டும் மிக லேசாகத் தொட்டோம். இடப்பக்கக் கதவில் ஒரு கீறல் ஆழமாக இருந்தது. நான் தேய்க்கப் போனேன். "போதுமுங்க சார், விட்டுருங்க. கோடு இருந்தா இருந்துட்டுப் போகுது, தோல் இருக்கோணுமில்லைங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. மற்றபடி வண்டியில் என் முகம் தெரிகிறது.

அவர் கையைப் பிடித்தபோதுதான் பார்த்தேன். விரல் நுனிகளில் ரேகையே இல்லை. வாட்டர் பேப்பர் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று இருந்தது. "எத்தனை வருசம் கண்ணு?" என்று கேட்டேன். "உங்க பள்ளிக்கூடத்துல இருந்து நின்னதுல இருந்துங்க சார்" என்றார்.

ஆறாம் வகுப்பு. 1980-களின் கடைசி. லாரி பாடி கட்டும் பட்டறையில் பட்டி தேய்க்கப் போய்விட்டான் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். சில வாரம் பார்த்தேன். பிறகு பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டு, 'தொடர்ந்து வராமையால் நீக்கம்' என்று என் கையாலேயே எழுதினேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இலேயே வந்துவிட்டது. அவன் வீடு பள்ளியிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் போகவில்லை.

இப்போது அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காரணம் சொல்ல நான் மருத்துவன் அல்ல. ஆனால் இன்றைய பெயிண்டுகளில் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது உலகம் அறிந்தது. பட்டறைகளில் கைக்குட்டைதான் முகமூடி. அது புகையைத் தடுக்காது.

"நான் அன்னைக்கு ஊட்டுக்கு வந்திருக்கோணும்" என்றேன். அவர் சிரித்தார். "வந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டாங்க சார். ஊட்டுல அரிசி இல்லீங்க." இருக்கலாம். ஆனாலும் போயிருக்க வேண்டும். அனுப்பாதது அவர்கள் கஷ்டம். கேட்காதது என் குற்றம்.

கூலி வாங்க மறுத்துவிட்டார். சரியான வடிகட்டி உள்ள முகமூடி இரண்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அவருக்கும் உதவியாளருக்கும். போடுகிறாரா என்று வாரம் ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பார்க்கிறேன். போடவில்லை என்றால் பழைய வாத்தியார் குரலில் அதட்டுகிறேன். அதற்கு மட்டும் பயப்படுகிறார்.

இப்போது பணியில் உள்ள ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய் வாருங்கள். அழைத்து வர முடிகிறதோ இல்லையோ, போய் வாருங்கள். காரில் ஏறிய கறையை எடுக்க மருந்து உண்டு. பதிவேட்டில் ஏறிய சிவப்பு மைக்கு இல்லை.