மணிக்கட்டுத் தசைநாண் வலிக்கு ஸ்டீராய்டு ஊசி: மருந்தும் அது சேரும் இடமும்

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் தோன்றும் கடும் வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. ஸ்டீராய்டு என்றாலே கேடு, வலியைச் சிறிது காலம் மறைக்கும், அவ்வளவுதான் என்பது ஒன்று. வலிக்கும் இடத்தில் ஒரு ஊசி, குறையாவிட்டால் இன்னொன்று என்பது மற்றொன்று. இரண்டுமே சான்றுகளோடு பொருந்தவில்லை. இவ்வலியைத் தரும் டி குவர்வெயின் நோய்க்கு இந்த ஊசியைத் தொடக்கத்திலேயே ஒரு நல்ல தெரிவாக முன்வைக்க வேண்டும் என்பதும், அதன் வெற்றி மருந்தின் பெயரைவிட அது தசைநாண் செல்லும் அறைக்குள் சரியாகச் சேர்கிறதா என்பதையே பெரிதும் சார்ந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நோயின் இயல்பு

சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வெயின் 1895இல் ஐந்து நோயாளரை முன்வைத்து இந்நோயை விவரித்தார். கட்டைவிரலை வெளிப்புறம் விலக்கும் தசைநாணும் அதை நீட்டும் தசைநாணும் ஆரை எலும்பின் முனையை ஒட்டிய குறுகிய அறை ஒன்றின் வழியே செல்கின்றன. அந்த அறையின் கூரை தடித்து இறுகும்போது, விரலை அசைக்கும்தோறும் தசைநாண்கள் உராய்ந்து வலிக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். அமெரிக்கப் படையினரைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு ஆயிரம் பெண்களில் 2.8 பேருக்கும் ஆயிரம் ஆண்களில் 0.6 பேருக்கும் இந்நோய் வந்தது. மகப்பேற்றுக்குப் பின் குழந்தையைத் தூக்கிச் சுமக்கும் மாதங்களிலும் இது அடிக்கடி தலைகாட்டுகிறது.

நீண்ட காலம் இதை அழற்சி நோயாகவே கருதினர். 1998இல் வெளியான திசு ஆய்வொன்று வேறு படத்தைத் தந்தது: அறையாக அமைந்த தசைநாண் உறை ஐந்து மடங்கு வரை தடித்திருந்தது, அதில் சளி போன்ற பொருள் படிந்திருந்தது, அழற்சியின் அடையாளங்களோ முதன்மையாக இல்லை. அழற்சியை அடக்கும் மருந்து பின் எப்படிப் பலன் தருகிறது என்ற வினா நியாயமானது. ஸ்டீராய்டு அழற்சியை மட்டும் அடக்குவதில்லை; இணைப்புத் திசு பெருகுவதையும் கட்டுப்படுத்துகிறது. இறுகிய அறையில் கூரை சற்றே மெலிந்தாலும் தசைநாண் நகர இடம் கிடைக்கும். இதுவே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

சான்றுகளின் எடை

2003இல் 459 மணிக்கட்டுகளின் விவரங்களைத் தொகுத்த ஆய்வில், ஊசி மட்டும் பெற்றவர்களில் 83 விழுக்காட்டினர் குணமடைந்தனர். கட்டைவிரலை அசையாமல் தாங்கும் ஸ்பிளிண்ட் மட்டும் அணிந்தவர்களில் 14 விழுக்காட்டினரே குணமடைந்தனர். ஓய்வும் வலி மாத்திரையும் மட்டும் பெற்றவர்களில் ஒருவருக்கும் நோய் தீரவில்லை. இவை சீரற்ற முறையில் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல என்பதால், இவ்வெண்களை அப்படியே ஏற்க இயலாது. ஊசியோடு ஸ்பிளிண்டும் அணிந்தோரில் 61 விழுக்காடே குணமானது என்ற முரணான முடிவே அதற்குச் சான்று. பின்னர் 2014இல் வந்த சீரற்ற சோதனையில், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களே கூடுதலாகக் குணமடைந்தனர். கருவுற்ற, பாலூட்டும் பெண்கள் பதினெண்மரிடம் செய்த சிறு சோதனையில் ஊசி பெற்ற ஒன்பது பேருக்கும் வலி தீர்ந்தது. ஸ்பிளிண்ட் அணிந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் தீரவில்லை. ஒவ்வொரு ஆய்வும் தனித்துப் பார்த்தால் எளியது. எல்லாம் ஒரே திசையைக் காட்டுவதுதான் முக்கியம்.

இதற்கு எதிராக வலுவாக முன்வைக்கப்படும் சான்று டென்னிஸ் எல்போ நோயிலிருந்து வருகிறது. 2013இல் வெளியான சோதனையில், முழங்கை வலிக்கு ஸ்டீராய்டு பெற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது; மருந்தற்ற ஊசி பெற்றவர்களிலோ 12 விழுக்காட்டினருக்கே திரும்பியது. முழங்கையைப் பொறுத்தவரை இது மறுக்க முடியாத எச்சரிக்கை. ஆனால் அங்கே பழுதுபடுவது எலும்பில் பற்றும் தசைநாணின் வேர். மணிக்கட்டிலோ நெருக்கடி தசைநாணைச் சுற்றிய உறையில் உள்ளது. ஒன்றின் முடிவை மற்றொன்றுக்கு ஏற்றுவது, மருந்தின் பெயர் ஒன்று என்பதால் அதன் விளைவும் ஒன்று என்று கொள்வதாகும்.

ஊசி தவறும் இடங்கள்

முதல் தடை உடலமைப்பு. கணிசமானோரின் மணிக்கட்டில் இந்த அறை ஒரு தடுப்பால் இரண்டாகப் பிரிந்திருக்கும். மருந்து ஒரு பாதியில் மட்டும் சேர்ந்தால், விரலை நீட்டும் சிறிய தசைநாண் இறுக்கத்திலேயே இருந்துவிடும். அறுவை மருத்துவம் வரை செல்பவர்களிடம் இத்தடுப்பு கூடுதலாகக் காணப்படுவது இதை உறுதிசெய்கிறது. ஆகவே முதல் ஊசி பலிக்காதபோது மருந்தின் அளவை ஏற்றுவதைவிட, அல்ட்ராசவுண்டில் பார்த்து இரு பாதிகளிலும் செலுத்துவதே முறை.

இரண்டாவது தடை தவறான நோய்க்கணிப்பு. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் சோதனை நலமான கையிலும் வலி தரக்கூடும். கட்டைவிரல் அடி மூட்டின் தேய்மானமும் இதே இடத்தருகில் வலிக்கும். அதற்கு இந்த அறைக்குள் ஊசி போடுவதால் பயனில்லை.

மூன்றாவது, பக்க விளைவுகள். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் கொழுப்பு சுருங்கி, தோல் வெளிறும். மாநிறமும் கருமையும் கொண்ட நம் மக்களின் தோலில் இது பளிச்சென்று தெரியும். பல மாதங்கள் நீடிக்கும். சிலருக்கு முழுவதும் மறைவதில்லை. சர்க்கரை நோயாளருக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் அந்நோயோடு வாழ்வதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. எனவே இதைச் சிறு விஷயமாக ஒதுக்க முடியாது. தசைநாண் அறுந்துபோவது அரிது என்றாலும், ஊசியை உறைக்குள் செலுத்தாமல் தசைநாணுக்குள்ளேயே செலுத்துவதும் திரும்பத் திரும்பப் போடுவதும் அந்த ஆபத்தைக் கூட்டும்.

முடிவு

நோயைச் சரியாகக் கணித்த பிறகு, மாதக்கணக்கில் வலி மாத்திரை மட்டும் கொடுத்துக் காக்கவைப்பதற்குச் சான்று இல்லை. தோல் வெளிறக்கூடும், சர்க்கரை ஏறக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லி, நோயாளியின் ஒப்புதல் பெற்று, ஸ்பிளிண்டோடு சேர்த்து ஊசியை அளிக்க வேண்டும். இரண்டு ஊசிகளுக்கும் அடங்காத வலிக்கு, ஆரை நரம்பின் தோல் கிளையைக் காத்து அறையைத் திறக்கும் அறுவை மருத்துவம் உண்டு. அதற்குப் பதில் மூன்றாவது, நான்காவது ஊசி தேவையில்லை. கைவேலையை நம்பி வாழ்பவருக்கும் கைக்குழந்தையைப் பேணும் தாய்க்கும் கட்டைவிரல் முடங்குவது அன்றாட வாழ்வே முடங்குவதாகும். அவர்களுக்குச் சரியான இடத்தில், சரியான நேரத்தில், முழு விவரம் சொல்லி இந்த ஊசியைப் போடுவது மருத்துவரின் கடமை.