கண்ணை மட்டும் விட்டுடுங்க சார்!

செம்பட்டி நாலு ரோட்டில் நின்றால் திண்டுக்கல் போகலாம், வத்தலக்குண்டு போகலாம், ஒட்டன்சத்திரம் போகலாம், நிலக்கோட்டை போகலாம். என்னை அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்.

"இனிமே இவன் உங்க பையன் சார். கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு, தோலை உரிச்சுப்புடுங்க."

சார் தலையாட்டினார். மேஜைமேல் பிரம்பு இருந்தது. பேச்சு முடிந்தது.

பின்னாளில் பி.காம். படித்தபோது 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒரு பாடம். மைனர் ஒப்பந்தம் போட முடியாது என்று அதில் இருந்தது. ரொம்பச் சரி. அன்றைக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

இந்த அப்பா - வாத்தியார் ஒப்பந்தம் எத்தனை பழசு?

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லா கலெக்டர்களுக்கு ஓர் உத்தரவு போட்டார். உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள்? எழுதி அனுப்புங்கள். பெரும்பாலும் எண்ணிக்கைதான் வந்தது. பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் மட்டும் 1823-ல் வகுப்பறையையே படம்பிடித்து அனுப்பினார்.

காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடம். முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். கௌரவம். இரண்டாவது வருகிறவனுக்கு ஒரு சைபர். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு மெதுவாக ஓர் அடி. நாலாவது ஆளுக்கு இரண்டு. அதற்குப் பிறகு தலைக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். இருபதாவதாக வந்தவன்? கணக்குப் போடுங்கள். பதினெட்டு!

படிக்காத பையனை இரண்டு கையையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிகளில் இதற்குப் பெயர் கோதண்டம். இல்லாவிட்டால், மண்டிபோட்டுப் போட்டு எழுந்துகொண்டே இருக்க வேண்டும். வலிக்கும்தான், ஆனாலும் உடம்புக்கு நல்லதாக இருக்கலாம் என்று கலெக்டர் ஒரு வரி வேறு சேர்த்திருக்கிறார்.

அந்தக் காலம், வேறு வழி தெரியாது என்று விட்டுவிடலாமா? ம்ஹும். வழி தெரிந்திருந்தது. அதுவும் நம் சென்னை எழும்பூரில், முப்பது வருஷத்துக்கு முன்பே.

1789-ல் அங்கே ராணுவ அநாதைப் பையன்களுக்கான விடுதியைக் கவனிக்க வந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அட, இது நல்லா இருக்கே! தன் விடுதிக்குக் கொண்டுவந்தார். அவருடைய வாத்தியார்கள் ஒத்துழைக்கவில்லை. சரி, நீ சொல்லிக்கொடு என்று ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். நம்முடைய சட்டாம்பிள்ளை ஏற்பாடேதான்.

ஒரே ஒரு வித்தியாசம். பெல், மணலையும் சட்டாம்பிள்ளையையும் எடுத்துக்கொண்டார். பிரம்பை எடுத்துக்கொள்ளவில்லை. தப்புகளைக் குறித்துவைக்க ஒரு கறுப்புப் புத்தகம். வாரம் ஒருமுறை அதை வாசிப்பார்கள். தீர்ப்பு சொல்கிற ஜூரிகள் யார்? பையன்களேதான். மாதக்கணக்கில் ஒரு தண்டனைகூடத் தேவைப்படவில்லை என்று எழுதினார். 1797-ல் லண்டனில் புத்தகமாக வந்த இந்த 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. மெட்ராஸுக்குச் சொந்தமான பிரம்பு, மெட்ராஸிலேயே தங்கிவிட்டது.

தங்கியது மட்டுமில்லை, சட்டத்தின் நிழலும் கிடைத்தது. 1860-ம் வருட இந்திய தண்டனைச் சட்டம், 89-வது பிரிவு. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்துடன், பெற்றோரோ அவர்கள் சம்மதத்தோடு இன்னொருவரோ செய்வது குற்றமல்ல. அப்பா ஒரு சட்டப் புத்தகத்தையும் தொட்டதில்லை. ஆனால் ஹெட்மாஸ்டர் அறையில் அவர் பேசியது அச்சு அசல் 89-வது பிரிவு!

2003-ல் தமிழக அரசு கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதற்குத் தடை போட்டது. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, நாடு முழுக்க அதையே சொன்னது. அடிக்கக் கூடாது, மனசைப் புண்படுத்தவும் கூடாது.

வீட்டில்? அந்தப் பழைய 89, பாரதிய நியாய சன்ஹிதாவில் 27-வது பிரிவாகி, 2024 ஜூலையிலிருந்து தொடர்கிறது. ஸ்வீடன் 1979-லேயே பெற்றோரும் அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. உலகத்தில் அதுதான் முதல். யாரையும் ஜெயிலில் போடுவதற்காக அல்ல. விஷயத்தைப் பால் பாக்கெட்டில் அச்சடித்து, வீடு வீடாகக் காலைச் சாப்பாட்டு மேஜைக்கே அனுப்பினார்கள்.

ஊரில் வாத்தியாராக இருக்கும் நண்பன் சொன்னான். "அதே டயலாக் இன்னமும் வருதுடா. சட்டம் விடாதுங்கன்னா, 'அப்ப நாங்களே வீட்ல பார்த்துக்கறோம்'னு கிளம்பிடறாங்க."

சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது. என் மகனை நான் ஸ்கேலால் அடித்திருக்கிறேன், ஒரே ஒருமுறை. காரணம், ரேங்க் கார்டு. ஆனால் அதற்கு முந்தின பரீட்சையிலும் அவன் அதே மார்க்தான். அப்போது அடிக்கவில்லை. இந்தத் தடவை கார்டு வந்த அன்றைக்கு ஆபீஸில் எனக்குச் சரியான டோஸ்.

நல்லெண்ணத்தில் அடித்தேன் என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்லிவிடலாம். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.