அரை இஞ்ச் வால்வ் வந்த வழி

வாஷ்பேசினுக்கு அடியில் பளபளவென்று நிற்கும் ஆங்கிள் வால்வ், முற்பிறவியில் ஏதோ ஒரு நாட்டின் தண்ணீர் மீட்டராக இருந்திருக்கலாம். சாவிக்கொத்தாகவோ, மின்விசிறியின் உதிரிபாகமாகவோ, இன்னொரு வீட்டின் பழைய குழாயாகவோ இருந்திருக்கலாம். குஜராத்தின் ஜாம்நகருக்குப் பித்தளை அப்படித்தான் வருகிறது. கட்ச் வளைகுடாவின் மறுகரையில் உள்ள முந்த்ரா துறைமுகத்தில் கன்டெய்னராக இறங்கி, வளைகுடாவைச் சுற்றி லாரியில் ஊருக்குள் நுழைகிறது. கழிவு உலோக வியாபாரத்தில் மஞ்சள் பித்தளைக் கலவைக்கு ‘ஹனி’ என்று சங்கேதப் பெயர். டன் கணக்கில் தேன் வாங்குகிற ஊர் ஜாம்நகர்.

சங்கர் தேக்ரி, தரேத் தொழிற்பேட்டைகளில் இருப்பவை பெரும்பாலும் சிறு பட்டறைகள். ஒருவர் உருக்குவார், அடுத்தவர் கடைசல் பிடிப்பார், மூன்றாமவர் முலாம் பூசுவார். முதல் வேலை தரம் பிரிப்பது. காந்தத்தை ஓட்டி இரும்பை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கையால் பொறுக்குகிறார்கள். இந்த இடத்தில் அசட்டையாக இருந்தால் அது பல ஆண்டுகள் கழித்து, பல நூறு மைல் தள்ளி, யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் கசிவாக வெளிவரும்.

பித்தளை 900 டிகிரி செல்சியசுக்கு மேல் உருகும். சிக்கல் என்னவென்றால், அதில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். உலை கொஞ்சம் கூடுதலாகச் சூடானால் வெள்ளைப் புகையாகத் துத்தநாகம் பறக்கும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்று மாலையே குளிர்க் காய்ச்சல் வரும். வார்ப்புத் தொழிலுக்கே உரிய பழைய வியாதி இது. பறந்த துத்தநாகத்தை ஈடுகட்ட மேலும் கொஞ்சம் போட வேண்டும். எவ்வளவு என்பதில் அனுபவம் பேசும்.

கலவையில் 2 முதல் 3 சதவீதம் ஈயமும் இருக்கும். கடைசல் இயந்திரத்தில் உலோகம் நீளச் சுருளாக வராமல் பொடிப்பொடியாக உதிர்வதற்கு அது தேவை. ஆனால் குடிதண்ணீருக்கு ஈயம் ஆகாது. அமெரிக்காவில் 2014 முதல், குடிநீர் தொடும் குழாய் உறுப்புகளில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் வீட்டில் செய்யக்கூடியது எளிது. ராத்திரி முழுக்கக் குழாயில் தங்கிய தண்ணீரைக் காலையில் கொஞ்சம் ஓடவிட்டு, பிறகு குடிக்கப் பிடிக்கலாம்.

வார்த்து எடுத்த வால்வ் உடல் கரடுமுரடாக, மங்கலாக இருக்கும். அதற்குத் துளை போட்டு, மரை வெட்டுகிறார்கள். கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் இந்த மரைதான். ‘அரை இஞ்ச்’ என்று கேட்டு வாங்குகிறோம். ஆனால் வெர்னியர் வைத்து அளந்தால் மரையின் வெளிவிட்டம் 20.955 மில்லிமீட்டர். முக்கால் இஞ்சைவிடவும் அதிகம். அரை இஞ்ச் என்பது பழைய இரும்புக் குழாயின் உள்துளைக் கணக்கு. குழாய் போய்விட்டது, கணக்கு மட்டும் தங்கிவிட்டது. இஞ்சுக்கு 14 மரை, ஒவ்வொன்றும் 55 டிகிரிக் கோணம். அந்த 55 டிகிரி, ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1841-இல் முன்வைத்தது. அவர் காலத்தில் ஊருக்கொரு மரை, பட்டறைக்கொரு மரை. இன்று எந்தக் கம்பெனியின் வால்வையும் எந்தக் கம்பெனியின் எல்போவிலும் திருக முடிகிறதென்றால் அது அவர் தொடங்கி வைத்த காரியம்.

அமெரிக்க மரை மட்டும் தனி வழி. அரை இஞ்சில் அங்கும் இஞ்சுக்கு 14 மரைதான். கோணம் 60 டிகிரி. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஆசையாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் குழாய், நம்மூர் எல்போவில் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும். அப்புறம் இறுகும். அப்புறம் ஒழுகும். பிளம்பரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மரை வெட்டியபின் துணிச் சக்கரத்தில் மெருகு, அதன்மேல் நிக்கல், நிக்கலின்மேல் குரோமியம். கண்ணைப் பறிக்கும் அந்த வெள்ளிப் பளபளப்பின் கனம் சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான். கடையில் நாம் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

உள்ளே வைக்கும் கார்ட்ரிட்ஜ் தனியாக வருகிறது. முன்பெல்லாம் ஸ்பிண்டிலும் ரப்பர் வாஷரும்தான். மூடுவதற்கு நாலைந்து சுற்று சுற்ற வேண்டும், வாஷர் தேய்ந்தால் எட்டணாவுக்கு இன்னொன்று. இப்போது இரண்டு செராமிக் தட்டுகள். கண்ணாடிபோல் மெருகேற்றிய இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருக்கும். கால் சுற்றுத் திருப்பினால் துளைகள் நேருக்கு நேர் வந்து தண்ணீர் வரும். தட்டு அவ்வளவு சீக்கிரம் தேயாது. ஆனால் உப்புத் தண்ணீர் ஊரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். வருஷக்கணக்கில் யாரும் தொடாத வால்வ், அவசரத்துக்குத் திருப்பும்போது கைப்பிடியைத்தான் கையில் கொடுக்கும். மாதம் ஒரு முறை எல்லா ஆங்கிள் வால்வையும் மூடித் திறந்து வைப்பது நல்லது. செய்கிறவர்களைத்தான் காணோம்.

அட்டைப் பெட்டிக்குள் ஏறிய வால்வ், லாரியில் சென்னைப் பாரிமுனை மொத்தக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து ஊர் ஊராகப் பிரிகிறது. ஹார்டுவேர் கடைக் கண்ணாடி மேஜையில் இரண்டு வால்வ் ஒரே மாதிரி நிற்கும், விலை மட்டும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். “ரெண்டையும் கையில தூக்கிப் பாருங்க சார்” என்பார் அனுபவப்பட்ட கடைக்காரர். சரியான யோசனை. அதற்கும் மேலே ஒன்று உண்டு. தண்ணீர் நுழையும் வாய்க்குள் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்க்கலாம். முலாம் துளையின் ஆழத்துக்குள் ஒழுங்காக எட்டாது. உள்ளே மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறமாக இருந்தால் துத்தநாகக் கலவையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே திறந்து வைத்துத் துளையின் அகலத்தையும் பார்த்துவிடலாம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. மாடி இல்லாத வீட்டில் தொட்டிக்கும் குழாய்க்கும் மூன்று நாலு மீட்டர்தான் வித்தியாசம். கிடைப்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. இந்த அழுத்தத்தில் துளை சிறுத்த வால்வைப் போட்டுவிட்டு, ஷவரில் தண்ணீர் வரவில்லை என்று மோட்டார் வாங்கப் போகிறவர்கள் உண்டு.

போர்த் தண்ணீர் கடும் உப்பாக இருந்தால் பித்தளையையே யோசிக்க வேண்டும். குளோரைடு மிகுந்த தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் மெல்ல அரித்துவிடும். மிஞ்சும் தாமிரம் செந்நிறமாக, நுண்துளைகளோடு நிற்கும், தட்டினால் உடையும். கடலோர ஊர்களில் பிளாஸ்டிக் குழாய் மாட்டுவதைக் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம்.

கடைசிக் கட்டம் சுவர். அங்கே வால்வுக்குத் துணை சி.பி.வி.சி. எல்போ. இதிலும் அரை இஞ்ச் குழப்பம் உண்டு: அரை இஞ்ச் சி.பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர், யு.பி.வி.சி.யில் 21.3. ஒன்றின் ஃபிட்டிங் மற்றொன்றுக்குச் சேராது, ஒட்டும் பசையும் வேறு. எல்போ கட்டாயம் ‘பிராஸ் எல்போ’வாக, அதாவது உள்ளே பித்தளை மரை பதித்ததாக இருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் மரையில் பித்தளை வால்வை இறுக்கினால் அது அன்றைக்கு விரியாது. டைல்ஸ் ஒட்டி, பால் காய்ச்சி, குடிபோனபின் விரியும். பூச்சும் டைல்ஸும் ஏறி எல்போ உள்ளே போய்விட்டால், எட்டாத மரையில் பிடித்துத் தொங்கவிடாமல் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட வேண்டும்.

டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே இழுத்துச் சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். கையால் ஏற்றி, பிறகு ஸ்பேனர். வால்வின் வாய் பேசினை நோக்கி நிற்க வேண்டும் அல்லவா? இன்னும் கால் சுற்று பாக்கி இருக்கும்போதே இறுகிவிட்டால் பலர் செய்வது, முக்கால் சுற்றுப் பின்னால் திருப்பி நேராக்குவது. அங்கேதான் கசிவு பிறக்கிறது. நசுங்கி உட்கார்ந்த டேப் பின்னால் திருப்பினால் விட்டுவிடும். கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்து, சுற்றைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி ஏற்றுவதுதான் வழி. நல்ல பிளம்பர் முணுமுணுத்துக்கொண்டாவது அதைச் செய்வார்.

வால்விலிருந்து குழாய்க்குப் போகும் கனெக்‌ஷன் பைப்பில் டேப் வேண்டாம். அங்கே தண்ணீரைத் தடுப்பது மரையல்ல, நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர். டேப் சுற்றினால் நட்டு முழுதாக ஏறாமல் வாஷர் அழுந்தாது. கையால் இறுக்கி, ஸ்பேனரில் கொஞ்சம் தொட்டால் போதும். பலத்தைக் காட்டினால் வாஷர் பிதுங்கும்.

என்றாவது வால்வை மாற்ற வேண்டிவரும். புதியது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மரை பொருந்தும். தொந்தரவு பழையதைக் கழற்றுவதில்தான். உப்பேறி இறுகிய வால்வை ஒரே மூச்சில் திருகினால் சுவருக்குள் பித்தளை மரை மட்டும் பிளாஸ்டிக்கிலிருந்து விட்டுச் சுழலும். கசிவு பூச்சுக்குள் இறங்கி, அடுத்த அறையின் பெயின்ட் உப்பிய பிறகே தெரியும். தொட்டியின் கேட் வால்வை மூடி, கொஞ்சம் முன்னும் பின்னுமாக அசைத்து இளக்கி, பிறகு கழற்ற வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான். அதே நிறத்தில் டைல்ஸ் நாலு அதிகமாக வாங்கிப் பரணில் போட்டு வைத்திருந்தால் செலவு குறையும்.