மிளகுச் சாறும் ஏடன் துறைமுகமும்

திண்டிவனம் பக்கம் கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் ஒரு வீட்டில் தும்மல் கேட்டால், அடுத்து அம்மியில் மிளகு நசுங்கும் சத்தம் கேட்கும். எங்கள் ஆயா வைக்கும் கோழிச் சாற்றில் மிளகாய் சேராது. விடைக்கோழியை எலும்போடு தட்டிப் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், மிளகு, சீரகம், கல் உப்பு. அவ்வளவுதான். மண்சட்டியில் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை விறகடுப்பில் கிடக்கும். சளி பிடித்தவருக்கு முதலில் ஒரு டம்ளர் சாறு, பிறகுதான் சோறு.

யேமன் நாட்டு யூதர்களிடமும் இப்படி ஒரு கோழிச் சாறு உண்டு. மிளகு, சீரகம், மஞ்சள் கலந்த ஹவாயிஜ் என்ற பொடிதான் அதற்கு உயிர். 1949, 1950ஆம் ஆண்டுகளில் யேமன் யூதர்கள் ஏறத்தாழ 50,000 பேர் விமானங்களில் இஸ்ரேலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சாறும் கூடவே போனது. இன்று அந்த நாட்டுக் குளிர்காலத்தில் பலரும் விரும்பிக் குடிக்கும் சாறுகளில் அதுவும் ஒன்று.

ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதாக நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு சட்டிக்கும் மிளகைக் கொடுத்தது மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மிளகை யேமனின் ஏடன் துறைமுகத்துக்கு ஏற்றி அனுப்பியவர்களின் கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

அவர்களில் ஒருவர் ஆபிரகாம் பென் யிஜு, துனிசியாவிலிருந்து வந்த யூத வணிகர். 1132 வாக்கில் மங்களூருக்கு வந்து, 1149 வரை பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்தார். ஆஷு என்ற உள்ளூர்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். மிளகும் பாக்கும் இரும்பும் இங்கிருந்து போயின. ஏடனிலிருந்த கூட்டாளி மத்மூன் காகிதம், சர்க்கரை, உலர்திராட்சை என்று அனுப்பிவைத்தார். கடவுள் பெயர் எழுதியிருக்கக்கூடிய தாளை வீசியெறிவது யூதர்களுக்கு ஆகாது. அதனால் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் ஓர் அறை முழுக்கக் கடிதங்களும் கணக்குகளும் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து கிடந்தன. 1896–97இல் சாலமன் ஷெக்டர் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். பென் யிஜுவின் வாழ்க்கை நமக்குத் தெரிவது அந்தத் தாள்களால்தான்.

அதே பழைய கெய்ரோவில் வாழ்ந்தவர் மைமோனிதஸ். யூத அறிஞர், மருத்துவர், 1204இல் இறந்தார். நோயாளிகளுக்குக் கோழிச் சாற்றைப் பரிந்துரைத்து எழுதியவர் அவர். யூதர்கள் அந்தச் சாற்றை மருந்தாகவே மதிப்பதில் அவர் எழுத்துக்கும் பங்குண்டு. அவருடைய தம்பி தாவீது வணிகத்துக்காகக் கப்பலேறி இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். அந்தத் துக்கத்தில் மைமோனிதஸ் ஏறக்குறைய ஓராண்டு படுக்கையில் கிடந்தார். இதைப் படித்த பிறகு மிளகைச் சாதாரணச் சரக்காக என்னால் பார்க்க முடியவில்லை.

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வெள்ளி மாலை ஓய்வுநாள் விருந்துக்கு வைக்கும் சாறு வேறு வகை: கேரட், வெங்காயம், செலரி. அப்படி ஒரு லிதுவேனியப் பாட்டியின் பக்குவத்தை அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மருத்துவர் ஸ்டீபன் ரென்னார்ட் ஆய்வகத்தில் சோதித்து 2000இல் கட்டுரை எழுதினார். சளி நேரத்து வீக்கத்தில் பங்குகொள்ளும் வெள்ளணுக்களின் நகர்வை அந்தச் சாறு மட்டுப்படுத்தியது. ஆய்வகத் தட்டில் நடந்த சோதனைதான். என்றாலும் பாட்டிகளை நம்ப இன்னொரு காரணம்.

எங்கள் ஊருக்கும் பழைய சாப்பாட்டுக் கதை உண்டு. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை போற்றும் அரசன் நல்லியக்கோடனின் கிடங்கில், இன்றைய திண்டிவனத்துக் கிடங்கல்தான். அந்த நூல் சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. எங்கள் சட்டியில் விழும் கல் உப்பு இன்றும் அந்த மரக்காணத்து உப்பளத்தில் விளைகிறது. பாணர்களுக்கு அங்கே கிடைத்த விருந்தில் சுட்ட மீனும், ஆமூர் என்ற ஊரில் சோற்றோடு நண்டும் வருகின்றன. காவிரிப்பூம்பட்டினத்துக்கு மிளகு மூட்டை வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மிளகாயோ போர்த்துக்கீசியர் காலத்தில் வந்து சேர்ந்தது. மிளகாயை விலக்கிய ஆயாவின் சாறு அதற்கு முந்திய சமையலின் மிச்சம் என்றே நான் நம்புகிறேன்.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. சுவரெல்லாம் ஈரம் ஊறிய அந்த வாரத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் இதே சாறுதான் கொதித்தது. ஆனால் எந்த வீட்டிலும் பக்குவம் எழுதி வைக்கப்படவில்லை. பூண்டு எத்தனை பல், மிளகைப் பொடிப்பதா நசுக்குவதா, சீரகம் எப்போது விழவேண்டும் என்பதெல்லாம் ஆயாக்களின் கையோடு போய்க்கொண்டிருக்கிறது.

மங்களூர் வணிகர் ஒருவர் வாங்கிய சர்க்கரையும் திராட்சையும் எட்டு நூற்றாண்டு தாண்டி நமக்குத் தெரிவதற்கு, யாரோ தாளைத் தூக்கி எறியாததுதான் காரணம். இந்த மார்கழியில் உங்கள் வீட்டில் சாறு வைக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். ஆயா சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி, ஊர்ப் பெயரும் தேதியும் போட்டு வையுங்கள்.