பழைய ஜீப்பை விற்க முன் பார்க்க வேண்டியவை

திருத்தி, பெயின்ற் அடித்து, இருக்கையும் எஞ்சினும் மாற்றிய பழைய லாண்ட் ரோவர் ஒன்றை என்ன விலைக்கு விற்கலாம் என்று ஈச்சிலம்பற்றில் என்னிடம் கேட்டார்கள். விலை சொல்ல நான் புரோக்கர் அல்ல. ஆனால் விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. போர் நடந்த பகுதிகளில் அவை கூடுதல் பாரமானவை. அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏன் இப்போது?

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவும் கடும் வரியுடன். இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறின. கொட்டிலில் கிடந்த ஜீப்புக்கும் அப்போதுதான் மவுசு வந்தது.

வாகனத்தை அறிதல்

லாண்ட் ரோவர் முதலில் காட்சிக்கு வந்தது 1948 ஏப்ரல் 30 இல், ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். முதலாம் வரிசை 1958 வரையும், இரண்டாம் வரிசையும் அதன் 'ஏ' வகையும் 1971 வரையும், மூன்றாம் வரிசை 1985 வரையும் உற்பத்தியாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடற்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால் உடல் இலகுவில் துருப்பிடிக்காது. ஆனால் செசியும், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தடுப்பும் உருக்கு. ஈச்சிலம்பற்று போன்ற கரையோர ஊரில் உப்புக்காற்று முதலில் தின்பது இவற்றைத்தான். அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

ஆகவே புதுப் பெயின்றைப் பார்த்து விலை பேசுபவர் ஏமாறுவார். விவரம் தெரிந்தவர் பாயை விரித்துக் கீழே படுத்துச் செசியைத் தட்டிப் பார்ப்பார். விற்பவர் செசியில் ஒட்டு வேலை செய்திருந்தால் அதைத் தானே சொல்லிவிடுவது நல்லது. வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருந்தால் அதுவே பெரிய சாட்சி.

தடைக்காலம் செய்த மாற்றங்கள்

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் உதிரிப்பாகமும் கிடைக்காத பகுதிகளில் வாகனங்கள் எப்படி ஓடின என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் ஏ-40 கார்கள் அப்படித்தான் தப்பின. ஒரு வாகனத்தின் பாகம் இன்னொன்றுக்குப் போனது. பெற்றோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பூட்டுவதும் சாதாரணம்.

இந்த மாற்றங்களை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வாங்குபவர்கள் இரண்டு வகை. பழமையைச் சேகரிப்பவர் மூல எஞ்சினையே கேட்பார். காட்டுப் பாதையில் ஓட வேண்டியவருக்கு ஓடுகிற எஞ்சின் போதும். கழற்றிய மூலப் பாகங்கள் கொட்டிலில் கிடந்தால் இரும்புக்கடைக்குப் போடாமல் வாகனத்தோடு சேர்த்துக் கொடுங்கள். எஞ்சின் மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். செசி இலக்கத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அழித்து அடித்த இலக்கம் வாகனத்தையே குற்றப் பொருளாக்கிவிடும்.

பத்திரம் யாருடைய பெயரில்?

2006 இல் மாவிலாற்றை ஒட்டி மூண்ட போரில் ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கு இடம்பெயர்ந்தார்கள். 2007 ஜனவரியில் வாகரையும் வீழ, மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனார்கள். ஆவணப் பையைத் தூக்கியவர்களும் உண்டு, பிள்ளையை மட்டும் தூக்கியவர்களும் உண்டு. வாகனப் புத்தகம் தொலைந்தவர் பொலிஸ் முறைப்பாட்டோடு திணைக்களத்தில் பிரதி கேட்க வேண்டும். 'ஓப்பன் பேப்பர்' என்று வெற்றுக் கையெழுத்துத் தாளில் கைமாற்றுவது சுலபமாகத் தெரியும். ஆனால் கைமாறியதைத் திணைக்களத்துக்கு அறிவிக்காவிட்டால், விபத்தோ வழக்கோ வரும்போது முதலில் தேடப்படுவது பதிவில் பெயருள்ளவரே.

இன்னும் கடினமானது, பதிவில் பெயருள்ளவர் காணாமற்போனவராக இருப்பது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. பல குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. ஒரு ஜீப்பை விற்பதற்காகக் கணவன் இறந்துவிட்டான் என்று எழுதிக் கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? 2016 இல் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணக்கிடைக்காமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே, மாவட்ட நீதிமன்றம் தீர்மானிக்கும்படி சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்க அது இடம் தருகிறது. நிர்வகிப்பது வேறு, விற்பது வேறு. முற்பணம் வாங்கும் முன் சட்டத்தரணி ஒருவரைக் கேளுங்கள்.

இலக்கத்தகட்டின் கதை

இலங்கையில் பதிவு இலக்கம் வாகனத்தோடு கடைசிவரை நிற்கும். ஆங்கில எழுத்துத் தகடா, 'ஸ்ரீ' தகடா என்று பார்த்தே சேகரிப்பாளர்கள் காலத்தைக் கணிப்பார்கள். நமக்கு அது வெறும் காலக்கணிப்பு அல்ல. 1957 ஜனவரியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து தகடுகளில் ஏறியது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. தமிழ் எழுத்தில் 'ஸ்ரீ' எழுதி வாகனம் ஓட்டினார்கள். அந்த ஆண்டு பெப்ரவரி 4 இல், திருகோணமலையில் கறுப்புக்கொடி ஏற்றிய நடராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1958 மார்ச்சில் வடக்குக்கு வந்த பஸ்களின் 'ஸ்ரீ' அழிக்கப்பட, தெற்கில் தமிழ்ப் பலகைகளில் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம் வந்தது. இன்று அந்தத் தகட்டைப் 'பழமை' என்று காசு கூடக் கொடுத்து வாங்குகிறார்கள்.

வாங்குபவருக்கும் ஒரு சொல்

இடப்பெயர்வில் வீதியோரம் விட்டுச் செல்லப்பட்ட வாகனங்கள் ஏராளம். 2009 க்குப் பின் முள்ளிவாய்க்காலில் குவிந்து கிடந்தவற்றைப் படங்களில் பார்த்தோம். பல இரும்பு விலைக்குப் போயின. ஆகையால் போர்ப் பகுதியிலிருந்து வரும் பழைய ஜீப்பின் இலக்கத்தைத் திணைக்களத்தில் சரிபார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கடைசியாகப் பதிவான பெயர் உயிரோடிருக்கும் ஒருவருடையதாக இருக்கலாம். அவர் மட்டக்களப்பிலோ கனடாவிலோ இருந்துகொண்டு, தன் வாகனம் எரிந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.